கேட்கப்படாத புகாரின் விலை

40 லட்சம் டாலர். 2017 ஆகஸ்ட் கடைசியிலிருந்து செப்டம்பர் கடைசி வரையிலான ஒரே மாதத்தில், கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகம் பாதுகாப்புக்கு மட்டும் செலவிட்ட தொகை ஏறத்தாழ இவ்வளவு. சர்ச்சைக்குரிய பேச்சாளர்கள் வருவதாக இருந்தது. அவர்களை எதிர்க்கக் கூட்டம் திரளும் என்பதும் தெரிந்திருந்தது. போலீஸ், தடுப்பு வேலி, வெளியூர்க் காவலர்களின் சம்பளம் எல்லாம் அந்தக் கணக்கில் அடங்கும்.

69 கோடி டாலர். அதே கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் வளாகத்தில் பணியாற்றிய ஒரு மகளிர் மருத்துவர் மீது நோயாளிகள் தொடுத்த பாலியல் வழக்குகளை முடித்துக்கொள்ளப் பல்கலைக்கழகம் ஒப்புக்கொண்ட மொத்தத் தொகை இது. பெர்க்லியில் தடுப்பு வேலி போடப்பட்ட அந்த மாதத்தில் அவர் இன்னும் நோயாளிகளைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

ஒரே நிறுவனத்தின் இரண்டு செலவுகள். இரண்டாவது, முதலாவதைப் போல 170 மடங்கு. ஆனால் அமெரிக்க வளாகங்களில் பேச்சுரிமை, பாலியல், தொந்தரவு தடுப்பு விதிகள் ஆகிய மூன்றையும் பற்றி முப்பத்தைந்து ஆண்டுகளாக நடக்கும் சண்டையில், யார் மேடையேறலாம், வகுப்பில் எந்தச் சொல்லைச் சொல்லலாம் என்பவைதான் பெரிதாகப் பேசப்படுகின்றன. பெரும்பணம் போனதோ வேறு வழியில். அதனால் இந்தக் கணக்கை இரண்டு பேரேடுகளாகப் பிரித்துப் பார்ப்பது அவசியம்: பேசியதால் வந்த செலவு, பேசியவரைக் கேளாததால் வந்த செலவு.

37 சொற்கள், 2,033 பக்கங்கள்

எல்லா விதிகளுக்கும் வேர் ஒரே ஒரு வாக்கியம். 1972 ஜூன் 23 அன்று அதிபர் நிக்சன் கையெழுத்திட்ட கல்விச் சட்டத்தின் ஒன்பதாம் பகுதியான ‘டைட்டில் நைன்’. மத்திய அரசின் நிதியைப் பெறும் எந்தக் கல்வித் திட்டத்திலும் பாலின அடிப்படையில் யாரையும் விலக்கவோ பாகுபடுத்தவோ கூடாது என்பது அதன் சாரம். ஆங்கில மூலத்தில் அது 37 சொற்கள். அவற்றில் தொந்தரவு என்ற பேச்சே இல்லை.

அந்தப் பொருளை அதற்குள் வாசித்தவர்கள் யேல் பல்கலைக்கழக மாணவிகள். 1977இல் அவர்கள் தொடுத்த அலெக்ஸாண்டர் எதிர் யேல் வழக்கில், பாலியல் தொந்தரவும் பாலினப் பாகுபாடுதான் என்று வாதிட்டார்கள். அவர்கள் பெருந்தொகை எதையும் கேட்கவில்லை. புகார் கொடுக்க ஒரு முறை வேண்டும், அதைக் கேட்க ஆள் வேண்டும் என்றார்கள். 1980இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் வழக்கைத் தள்ளுபடி செய்தது. ஆனால் அதற்குள் யேல் ஒரு புகார் முறையை ஏற்படுத்தியிருந்தது, வழக்கின் கருத்தும் நாடு முழுவதும் வேரூன்றிவிட்டது. இந்தக் கட்டுரையில் வரும் எல்லாத் தொகைகளையும் அந்தக் கோரிக்கைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்: ஒரு மேசை, ஒரு படிவம், கேட்க ஓர் ஆள்.

1992இல் உச்ச நீதிமன்றம் இந்தச் சட்டத்தின் கீழ் இழப்பீடும் கேட்கலாம் என்றது. 1999இல் டேவிஸ் வழக்கில், 5க்கு 4 என்ற கணக்கில், மாணவர் மாணவருக்கு இழைக்கும் தொந்தரவுக்கும் நிறுவனம் பொறுப்பாகலாம் என்றது. அதற்கு மூன்று அளவுகோல்களைச் சேர்த்தே வைத்தது: தொந்தரவு கடுமையானதாக இருக்க வேண்டும், பரவலானதாக இருக்க வேண்டும், பொதுப்பார்வையிலும் சகிக்கத்தகாததாக இருக்க வேண்டும். அதனால் ஒருவரின் கல்வி வாய்ப்பே பறிபோயிருக்க வேண்டும். நிறுவனம் அதை அறிந்தும் கண்டுகொள்ளாமல் இருந்திருக்க வேண்டும்.

பிறகு நிர்வாக விதிகளின் காலம் வந்தது.

2011 ஏப்ரல் 4: கல்வித் துறையின் 19 பக்கக் கடிதம். ‘ஐயத்துக்கு இடமின்றி’ என்ற குற்றவியல் அளவு வேண்டியதில்லை, சாட்சியம் எந்தப் பக்கம் சற்றே கனக்கிறதோ அதன்படியே முடிவெடுக்க வேண்டும் என்றது.

2014 மே 1: பாலியல் வன்முறைப் புகார்களைக் கையாண்ட விதத்துக்காக விசாரணையில் இருந்த 55 கல்வி நிறுவனங்களின் பட்டியல் முதல்முறையாக வெளியானது.

2017 செப்டம்பர் 22: கடிதம் திரும்பப் பெறப்பட்டது.

2020 மே: புதிய விதி வந்தது. விளக்கத்தோடு சேர்த்துத் தட்டச்சுப் பிரதியில் 2,033 பக்கங்கள். 1,24,000க்கு மேற்பட்ட பொதுமக்கள் கருத்துகளுக்குப் பிறகு வந்தது. நேரடி விசாரணையில் குறுக்கு விசாரணையைக் கட்டாயமாக்கியது.

2024 ஏப்ரல்: அதை மாற்றி இன்னொரு விதி, 1,577 பக்கங்கள். இம்முறை 2,40,000க்கு மேல் கருத்துகள். பாலின அடையாளம், பாலின நாட்டம் இரண்டையும் வெளிப்படையாகச் சேர்த்தது. ஆகஸ்ட் 1 அன்று நடைமுறைக்கு வந்தபோதே 26 மாநிலங்களில் நீதிமன்றத் தடை இருந்தது.

2025 ஜனவரி 9: கென்டக்கியின் மத்திய நீதிமன்றம் அந்த விதியை நாடு முழுவதும் ரத்து செய்தது. 2020 விதி திரும்பியது.

2017 ஆகஸ்டில் கல்லூரியில் சேர்ந்து 2021 மே மாதம் பட்டம் பெற்ற ஒரு மாணவியின் நான்கு ஆண்டுகளில் விதிகள் இருமுறை மாறின. பக்கங்கள் நூறு மடங்கு பெருகியும், புகார் கொடுக்க நினைக்கும் மாணவிக்கும் புகாருக்கு ஆளான மாணவனுக்கும் தங்கள் வழக்கு எந்த விதிப்படி முடியும் என்ற உறுதி கிடைக்கவில்லை. எந்தக் கட்சி ஆட்சிக்கு வந்தாலும் இந்த நஷ்டம் மாணவர்களுடையதே.

பேச்சு விதிகள்: மூன்று முயற்சி, மூன்று தோல்வி

1988 மே 31 முதல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஒரு பேச்சு விதி நடைமுறைக்கு வந்தது. இனம், பால், பாலின நாட்டம் போன்ற அடிப்படைகளில் பிறரை இழிவுபடுத்தும் பேச்சைத் தண்டிப்பதே அதன் நோக்கம். அந்த வளாகத்தில் கறுப்பின மாணவர்கள் சந்தித்த இழிவு உண்மையானது. விதியை எழுதியவர்களின் அக்கறையும் உண்மையானது. ஆனால் 1989இலேயே நீதிபதி ஏவர்ன் கோன் அதை அரசியல் சாசனத்துக்கு முரணானது என்று அறிவித்தார். தற்பால் ஈர்ப்பு ஒரு நோய் என்று வகுப்பில் தன் கருத்தைச் சொன்ன ஒரு சமூகப்பணி மாணவரை முறையான விசாரணைக்கு முன் நிறுத்தியது அந்த விதி. கருத்து தவறு, புண்படுத்துவது. ஆனால் வகுப்பறையில் மறுத்துப் பேசி வீழ்த்த வேண்டிய கருத்துக்கு விசாரணைக் குழு பதிலாகாது.

1991இல் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் விதி விழுந்தது. 1995இல் தனியார் நிறுவனமான ஸ்டான்ஃபோர்டின் விதியும் கலிஃபோர்னியாவின் மாநிலச் சட்டத்தால் விழுந்தது. ஏழே ஆண்டுகளில் மூன்று பெரிய தோல்விகள்.

இந்தத் தோல்விகளைப் பாலினச் சிறுபான்மையினரின் தோல்வியாக எண்ணுகிறவர்கள் இன்னொரு வரிசையையும் சேர்த்து எண்ண வேண்டும். 1967இல் கொலம்பியா பல்கலைக்கழகம் தற்பால் ஈர்ப்பு மாணவர்களின் அமைப்பு ஒன்றை அங்கீகரித்தது. நாட்டிலேயே அதுதான் முதல். மற்ற இடங்களில் அங்கீகாரத்தை நீதிமன்றத்தில்தான் வாங்க வேண்டியிருந்தது. நியூ ஹாம்ப்ஷயரில் ஒரு நடன நிகழ்ச்சிக்குப் பிறகு, மாநிலத்தின் ஆளுநரே பல்கலைக்கழகத்தின் நிதியை நிறுத்துவதாக மிரட்டினார். 1974இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் மாணவர்கள் பக்கம் நின்றது. மிசோரியில் 1971இல் விண்ணப்பித்த அமைப்புக்கு 1977இல் தீர்ப்பு கிடைத்தது, 1978இல் உச்ச நீதிமன்றம் பல்கலைக்கழகத்தின் முறையீட்டை ஏற்க மறுத்த பிறகே வழக்கு ஓய்ந்தது. கூடிப் பேசும் உரிமைக்கு ஏழு ஆண்டு காத்திருப்பு. இவை அனைத்திலும் அந்த மாணவர்களைக் காத்தது அரசியல் சாசனத்தின் முதல் திருத்தம், அதாவது மிச்சிகன் விதியை வீழ்த்திய அதே பேச்சுரிமை. ஒரு பக்கத்தில் அதை வெட்டினால் மறுபக்கத்திலும் ரத்தம் வரும்.

முதல் பேரேடு: பேசியதால் வந்த செலவு

கூட்டம் நடத்துகிறவரிடமே பாதுகாப்புச் செலவை வாங்கிவிடலாமே என்று தோன்றும். 1992இல் ஃபோர்சைத் கவுண்டி வழக்கில் உச்ச நீதிமன்றம் அதற்குக் கதவடைத்தது. கேட்பவர்கள் எப்படிக் கொந்தளிப்பார்கள் என்பதைக் கணித்துக் கட்டணம் விதித்தால், பிடிக்காத கருத்துக்கு விலை ஏற்றியதாகும் என்றது. ஆகவே அரசுப் பல்கலைக்கழகங்களே செலவைச் சுமக்கின்றன.

— பெர்க்லி, 2017 பிப்ரவரி 1: ஒரு பேச்சாளரை எதிர்த்த கலவரத்தில் வளாகத்துக்குச் சேதம் ஏறத்தாழ 1 லட்சம் டாலர்.

— பெர்க்லி, 2017 ஆகஸ்ட்–செப்டம்பர்: ஏறத்தாழ 40 லட்சம் டாலர். பாதியைப் பல்கலைக்கழகத் தலைமை அலுவலகம் ஏற்றுக்கொண்டது.

— ஃபுளோரிடா பல்கலைக்கழகம், 2017 அக்டோபர் 19: வெள்ளை இனவாதி ரிச்சர்ட் ஸ்பென்சரின் கூட்டம். அவர் தரப்பு கட்டிய அரங்க வாடகை 10,564 டாலர், பாதுகாப்புச் செலவு ஏறத்தாழ 6 லட்சம் டாலர்.

— வாஷிங்டன் பல்கலைக்கழகம், 2018: ஒரு மாணவர் அமைப்பிடம் 17,000 டாலர் பாதுகாப்புக் கட்டணம் கேட்டது. நீதிமன்றம் தடுத்தது. கடைசியில் எதிர்த்தரப்பின் வழக்குச் செலவுக்காகப் பல்கலைக்கழகம் 1,22,500 டாலர் கொடுத்தது.

— ஷானி மாநிலப் பல்கலைக்கழகம், ஒஹையோ, 2022: ஒரு திருநங்கை மாணவியை அவர் விரும்பிய பெண்பால் சொற்களால் அழைக்க மறுத்ததற்காகக் கண்டிக்கப்பட்ட பேராசிரியருடன் சமரசம். 4 லட்சம் டாலர், வழக்கறிஞர் கட்டணம் தனி.

ஐந்து பதிவுகளும் சேர்ந்து ஏறத்தாழ 52 லட்சம் டாலர். சிறிய தொகை இல்லை. ஃபுளோரிடாவில் ஒரு இனவாதிக்காகப் பொதுப்பணம் செலவானதைப் பார்த்துக் கோபப்பட்ட மாணவர்களின் உணர்வு நியாயமானது. ஆனாலும் கூட்டம் நடந்தது, மக்கள் எதிர்த்துக் குரல் கொடுத்தார்கள், எதிர்ப்பும் பேச்சாகவே பதிவானது.

41.8க்கும் 18.9க்கும் நடுவே

எது புண்படுத்தும் பேச்சு, எது தொந்தரவு? இந்த வாதத்தின் முடிச்சு இதுதான். அதை அவிழ்க்க ஒரு கணக்கெடுப்பு உதவுகிறது. 2019இல் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் சங்கம் 33 பல்கலைக்கழகங்களில் நடத்திய ஆய்வில் 1,81,752 மாணவர்கள் பதில் அளித்தார்கள். கேட்கப்பட்டவர்களில் அது 21.9 சதவீதம். பதில் சொல்லாதவர்கள் பெரும்பான்மை என்பதை மனத்தில் வைத்தே இந்த எண்களைப் படிக்க வேண்டும்.

சேர்ந்தது முதல் ஏதாவதொரு தொந்தரவான பாலியல் பேச்சையோ நடத்தையையோ சந்தித்ததாகச் சொன்னவர்கள் 41.8 சதவீதம். அதனால் படிப்போ வேலையோ பாதிக்கப்பட்டது, அல்லது அச்சுறுத்தும் சூழல் உருவானது என்று சொன்னவர்கள் 18.9 சதவீதம். அதாவது கசப்பான அனுபவம் கண்ட 100 பேரில் 45 பேருக்கு அது வாழ்க்கையின் போக்கையே தடுத்தது. மீதி 55 பேர் பட்டதும் வலிதான், ஆனால் அதற்குரிய மருந்து வேறு: எதிர்ப்பேச்சு, ஆசிரியரின் கண்டிப்பு, நண்பர்களின் துணை. விசாரணை, தண்டனை எல்லாம் அந்த 45 பேருக்குரியவை. இரண்டையும் ஒரே விதியில் அடைத்தால் 55 பேருக்கும் தீர்வு கிடைக்காது, 45 பேரின் வழக்கும் நீதிமன்றத்தில் நிற்காது.

இதைவிடக் கடுமையான எண்களும் அதே ஆய்வில் உண்டு. உடல்வலிமையால் கட்டாயப்படுத்தியோ, சம்மதம் தர முடியாத நிலையிலோ நிகழ்ந்த பாலியல் தொடுகையை அனுபவித்ததாகச் சொன்ன இளநிலை மாணவிகள் 25.9 சதவீதம். திருநர், பால்புதுமையினரான இளநிலை மாணவர்களில் 22.8 சதவீதம். இளநிலை மாணவர்களான ஆண்களில் 6.8 சதவீதம்.

இவர்களில் எத்தனை பேர் வாய் திறந்தார்கள்? இதே சங்கம் 2015இல் நடத்திய ஆய்வின்படி, நிகழ்வின் தன்மையைப் பொறுத்து 5 முதல் 28 சதவீதம் பேரே நிறுவனத்திடமோ காவல்துறையிடமோ தெரிவித்தார்கள். நீதித்துறையின் புள்ளிவிவரப் பிரிவு 2014இல் வெளியிட்ட அறிக்கையின்படி, கல்லூரி மாணவிகள் மீதான பாலியல் வன்முறைகளில் 80 சதவீதம் போலீஸுக்குச் சொல்லப்படவில்லை. அதே வயதுடைய, கல்லூரியில் படிக்காத பெண்களிடையே அது 67 சதவீதம்.

வளாகத்தில் பேச்சு அடக்கப்படுகிறதா என்று கேட்கிறவர்கள் இந்த எண்ணிலிருந்து தொடங்கட்டும். புகாரும் பேச்சுதான். அமெரிக்க வளாகங்களில் மிக அதிகமாக அடக்கப்பட்ட பேச்சு அதுதான்.

இரண்டாம் பேரேடு: கேளாததால் வந்த செலவு

— தென் கலிஃபோர்னியா பல்கலைக்கழகம்: மாணவர் மருத்துவ மையத்தின் மகளிர் மருத்துவர், 1989 முதல் 2016 வரை 27 ஆண்டுகள் பணி. தொண்ணூறுகளிலிருந்தே பாலியல் புகார்கள் வந்தன. செவிலியர் ஒருவர் மேலிடத்தில் சொல்லிச் சொல்லிப் பயனின்றி, 2016இல் வளாகத்தின் பாலியல் வன்முறை உதவி மையத்திடம் போன பிறகே மருத்துவர் நிறுத்தப்பட்டார். 2021 வரை ஒப்புக்கொண்ட சமரசத் தொகை மொத்தம் 110 கோடி டாலருக்கு மேல். அதில் 85.2 கோடி 710 பெண்களுக்கு, தலைக்கு 12 லட்சம்.

— மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகம்: விளையாட்டு மருத்துவர் லாரி நாசர். 1997இலேயே ஒரு ஜிம்னாஸ்டிக் வீராங்கனை அவர் மீது பயிற்சியாளரிடம் புகார் சொன்னார். 2014இல் பல்கலைக்கழகத்தின் சொந்த விசாரணை நாசரைக் குற்றமற்றவர் என்றது. 2016இல் செய்தித்தாளில் வந்த பிறகே வேலை போனது. 2018 ஜனவரியில் 7 நாட்களில் 156 பேரின் வாக்குமூலத்தை நீதிமன்றம் கேட்டது. சமரசம்: 50 கோடி டாலர். 332 பேருக்கு 42.5 கோடி, பின்னால் வரக்கூடியவர்களுக்கு 7.5 கோடி.

— மிச்சிகன் பல்கலைக்கழகம்: மருத்துவர் ராபர்ட் ஆண்டர்சன், 1966 முதல் 2003 வரை 37 ஆண்டுகள். சமரசம்: 2022இல் 49 கோடி டாலர், ஏறத்தாழ 1,050 பேர்.

— ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகம்: மருத்துவர் ரிச்சர்ட் ஸ்ட்ராஸ், 1978 முதல் 1998 வரை. 2019இன் விசாரணை அறிக்கை 177 முன்னாள் மாணவர்கள் பாதிக்கப்பட்டதைப் பதிவு செய்தது. சமரசம்: 296 பேருக்கு 6 கோடி டாலர், தலைக்கு 2 லட்சம்.

— கலிஃபோர்னியா பல்கலைக்கழகம், லாஸ் ஏஞ்சலஸ்: மேலே சொன்ன 69 கோடி டாலர்.

ஐந்தும் சேர்ந்து 284 கோடி டாலர். முதல் பேரேட்டைப் போல 540 மடங்கு. இரண்டு பட்டியல்களும் முழுமையானவை அல்ல. ஆனாலும் இடைவெளி இவ்வளவு பெரியதாக இருக்கும்போது சில பதிவுகள் கூடினாலும் குறைந்தாலும் முடிவு மாறாது.

ஆண்டர்சனின் வரியை மறுபடி பாருங்கள். 1988இல் நாட்டின் மிகக் கடுமையான பேச்சு விதிகளில் ஒன்றை எழுதியது இதே மிச்சிகன் பல்கலைக்கழகம். வகுப்பில் கருத்துச் சொன்ன மாணவரை விசாரணைக்கு அழைத்த அந்த மாதங்களில் ஆண்டர்சன் அங்கேதான் வேலை செய்துகொண்டிருந்தார். எழுபதுகளின் இறுதிக்குள்ளேயே அவரைப் பற்றிய புகார் உயர் நிர்வாகி ஒருவரை எட்டியிருந்தது. 1980இல் மாணவர் சுகாதார நிலையத்தின் இயக்குநர் பதவி போனது. ஆனால் அவர் பல்கலைக்கழகத்தை விட்டுப் போகவில்லை, விளையாட்டுத் துறையில் தொடர்ந்தார். பாதிக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் ஆண்கள், விளையாட்டு வீரர்கள். தம்மை யாராவது ‘அப்படிப்பட்டவன்’ என்று நினைத்துவிடுவார்களோ என்ற பயம் அந்தக் காலத்து இளைஞர்கள் பலரின் வாயைக் கட்டியது. பாலியல் பற்றி வெளிப்படையாகப் பேச முடியாத சூழல்தான் தொந்தரவு செய்பவருக்குக் கிடைக்கும் முதல் பாதுகாப்பு.

அரசு விதித்த தண்டனையையும் இங்கே சேர்ப்போம். வளாகக் குற்றங்களை வெளியிட வேண்டும் என்ற 1990ஆம் ஆண்டின் கிளெரி சட்டத்தின்படி, நாசர் விவகாரத்தில் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்துக்கு 2019இல் விதித்த அபராதம் 45 லட்சம் டாலர். அன்றுவரை அந்தச் சட்டத்தின் கீழ் அதுவே மிகப் பெரியது. சமரசத் தொகையில் அது நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை.

குற்றம்சாட்டப்பட்டவரின் பக்கம்

2011 கடிதத்துக்குப் பிறகு, நியாயமான விசாரணை கிடைக்கவில்லை என்று பல்கலைக்கழகங்கள் மீது வழக்குத் தொடுத்த மாணவர்கள் பல நூறு பேர். 2018இல் மிச்சிகன் பல்கலைக்கழகமே எதிர்வாதியாக இருந்த ஒரு வழக்கில், யாருடைய சொல்லை நம்புவது என்பதே கேள்வியாக இருக்கும்போது குறுக்கு விசாரணைக்கு வாய்ப்புத் தர வேண்டும் என்று ஆறாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. 2015இல் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகப் பேராசிரியர் லாரா கிப்னிஸ், வளாகப் பாலியல் விதிகளைக் குறைகூறி ஒரு கட்டுரை எழுதினார். அந்தக் கட்டுரைக்காகவே அவர் மீது டைட்டில் நைன் விசாரணை நடந்தது, பிறகு குற்றமற்றவர் என்று முடிந்தது.

இந்த நிகழ்வுகளைக் காட்டி விதிகளே வேண்டாம் என்பவர்களை என்னால் ஏற்க முடியாது. நாசரை விடுவித்த 2014 விசாரணையும் கிப்னிஸை விசாரித்த 2015 விசாரணையும் ஒரே நோயின் இரண்டு அடையாளங்கள். ஒன்று உடல்மீது நடந்ததை மருத்துவம் என்று நம்பியது. மற்றொன்று எழுத்தைத் தொந்தரவு என்று எடுத்துக்கொண்டது. செயலையும் கருத்தையும் பிரித்தறியத் தெரிந்த, பயிற்சி பெற்ற, யாருக்கும் அஞ்ச வேண்டியிராத விசாரணையாளர் இருந்தால் இரண்டையும் தவிர்த்திருக்கலாம்.

செய்ய வேண்டியது

2023–24 கல்வியாண்டில் அமெரிக்காவில் படித்த இந்திய மாணவர்கள் 3,31,602 பேர். அங்கே படிக்கும் வெளிநாட்டினரில் அவர்களே மிகப் பெரிய கூட்டம். தமிழ்நாட்டின் ஊர்களிலிருந்து போனவர்களும் அவர்களில் உண்டு. அந்த 37 சொற்கள் குடிமக்களை மட்டும் குறிக்கவில்லை, அமெரிக்க மண்ணில் இருக்கும் எவருக்கும் பொருந்தும். விசா பயத்தால் வாயை மூடிக்கொள்ள வேண்டியதில்லை என்பதைப் போகும் பிள்ளைகளிடம் பெற்றோர் சொல்லி அனுப்ப வேண்டும்.

பல்கலைக்கழகங்களிடம் கேட்க வேண்டியவை மூன்று. கருத்துக்கும் நடத்தைக்கும் தனித்தனி விதி, தனித்தனி அலுவலகம். ஒவ்வோர் ஆண்டும் எத்தனை புகார்கள் வந்தன, எத்தனை நாளில் முடிந்தன, முடிவு என்ன என்ற எண்களைப் பெயரில்லாமல் வெளியிடுதல். ஒரே நபர் மீது இரண்டாவது புகார் வந்தாலே நிர்வாகத்துக்கு வெளியிலிருந்து விசாரணையாளர்.

கேட்கும் இடங்களோ குறைகின்றன. கல்வித் துறையின் குடிமை உரிமைகள் பிரிவின் 12 வட்டார அலுவலகங்களில் 7ஐ மூடுவதாக 2025 மார்ச்சில் அறிவித்தார்கள். புகார்களைக் கேட்கும் ஒரு மேசையை எடுத்துவிட்டு மிச்சம் பிடித்ததாக எழுதிக்கொள்ளும் அரசும் பல்கலைக்கழகமும் இரண்டாம் பேரேட்டை ஒருமுறை புரட்டட்டும். 1977இல் யேல் மாணவிகள் கேட்ட அந்த மேசைதான் இந்தக் கணக்கிலேயே மிக மலிவான செலவு. அதை மறுத்ததற்கு ஐந்தே நிறுவனங்கள் 284 கோடி டாலர் கொடுத்திருக்கின்றன. ஆயிரக்கணக்கானோர் தங்கள் இளமையைக் கொடுத்தார்கள், அதற்கு எந்தப் பேரேட்டிலும் ஈடு எழுத முடியாது.